நாலரை நிமிடத்துக்கு ஒரு ராடார் டிடெக்டர்: டர்ஹம்–ரிச்மண்ட் சாலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் நாற்பதுகளில் இருக்கும் ஒரு சர்வீஸ் இன்ஜினியர். மருத்துவமனை ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். வீடு அமெரிக்காவின் வடகரோலினா மாநிலத்தில், டர்ஹம் பக்கம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரைச் சுற்றி இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இன்டர்ஸ்டேட் 85-இல் வடக்கே போய், பீட்டர்ஸ்பர்க்கில் 95-ஐப் பிடித்து ரிச்மண்ட் சேர்வார். ஒரு வழிக்குச் சுமார் 150 மைல். கார் சொந்தக் கார். நிறுவனம் மைல் கணக்குப் போட்டுப் பணம் தந்துவிடும். வேகத்துக்கு டிக்கெட் (போலீஸ் எழுதும் அபராதச் சீட்டு) வாங்கினால் அது அவர் பாடு.

ராடார் டிடெக்டர், அதாவது போலீஸ் வேகம் அளக்க அனுப்பும் ராடார் அலையைப் பிடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி, வாங்கும் எண்ணம் ஒரு பழைய டிக்கெட்டிலிருந்து வந்தது. மணிக்கு 65 மைல் வேக எல்லையில் 79 போனதாக வடகரோலினாவில் எழுதப்பட்டது. வழக்குரைஞரைக் கேட்காமல், அலைச்சல் வேண்டாமென்று தொகையைக் கட்டிவிட்டார். கட்டுவதே குற்றத்தை ஒப்புக்கொள்வது. டிக்கெட் தொகை மறந்துபோயிற்று, ஆனால் அடுத்த புதுப்பிப்பில் காப்பீட்டுப் பிரீமியம் ஏறியது மறக்கவில்லை. வடகரோலினாவில் ஓட்டுநர் உரிமத்தில் ஏறும் புள்ளிகள் ஒரு கணக்கு, காப்பீட்டுப் புள்ளிகள் வேறு கணக்கு. பணம் கரைவது இரண்டாவதில்தான்.

அப்போது அவர் 70 மைல் எல்லையில் க்ரூஸ் கன்ட்ரோலை (காரை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை) 74-இல் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். இந்த எண் பின்னால் தேவைப்படும்.

சட்டம் சொல்வது

சாதாரணக் காரில் ராடார் டிடெக்டர் வைத்திருப்பது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் குற்றமில்லை. விலக்கு இரண்டு: வர்ஜீனியா மாநிலம், தலைநகர் வாஷிங்டன். மொத்த எடைத் தகுதி 10,001 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வணிக வாகனங்களுக்குக் கூட்டாட்சி விதியே தடை போடுகிறது; அது எந்த மாநிலத்திலும் செல்லும்.

வர்ஜீனியாச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. கருவி ஓடிக்கொண்டிருந்ததைப் போலீஸ் நிரூபிக்க வேண்டியதில்லை. வண்டியில் இருந்தாலே போதும். தப்புவதற்கு இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேற வேண்டும்: மின்சாரம் வரும் வழி இருக்கக்கூடாது, ஓட்டுநரோ உடன் வருபவரோ எட்டி எடுக்கும் இடத்திலும் இருக்கக்கூடாது. 'அணைத்துத்தான் வைத்திருந்தேன்' என்பது அங்கே வாதமாகாது.

ஆக, 150 மைலில் டிடெக்டர் சட்டப்படி வேலை செய்யக்கூடியது டர்ஹமிலிருந்து மாநில எல்லை வரையுள்ள சுமார் 55 மைல் மட்டுமே. வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கை அவர் போடவில்லை. விற்பவரும் கேட்கவில்லை.

கருவியும் பொருத்தியதும்

முன்னும் பின்னும் தனித்தனி ஆன்டெனா, சிக்னல் வரும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி, ஜிபிஎஸ் உள்ள மேல்தர டிடெக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து வயரைத் தொங்கவிடாமல், உட்புறக் கண்ணாடிக்குப் போகும் 12 வோல்ட் இணைப்பிலிருந்து ஃப்யூஸோடு ஒரு கிளை எடுத்தார். சாவியை அணைத்தால் மின்சாரம் நிற்கும் வயர்தானா என்று மல்டிமீட்டரில் சோதித்துக்கொண்டார். இல்லாவிட்டால் நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கும்.

கருவியை முன்கண்ணாடியின் மேல்பகுதியில், சாலைக்கு இணைமட்டமாக வைத்தார். மூக்கு மேலே தூக்கினாலோ, வைப்பரின் கை குறுக்கே நின்றாலோ உணர்திறன் குறையும். உலோகப் பூச்சுள்ள, சூடேற்றும் வகை முன்கண்ணாடி இருக்கும் கார்களில் அலை உள்ளே வருவதே சிரமம். அத்தகைய காருக்கு டிடெக்டர் வாங்குவது வீண். இவருடைய கார் அப்படியானதல்ல.

அமைப்புகளில் அவர் செய்தவை சரியானவையே. ராடார் இயங்கும் அலைவரிசைப் பகுதிகளைப் பேண்ட் என்பார்கள்; 10.525 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எக்ஸ் பேண்டை அணைத்தார். இந்த வழியில் அதில் வருவது அநேகமாகக் கடைகளின் தானியங்கிக் கதவுகள்தாம். 24.150 கிகாஹெர்ட்ஸைச் சுற்றிய கே பேண்டை வடிகட்டியோடு வைத்தார். 33.4 முதல் 36.0 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள கேஏ பேண்டை முழுதும் மேயவிடாமல், போலீஸ் ராடார் கன்கள் வழக்கமாக வேலை செய்யும் 33.8, 34.7, 35.5 ஆகிய மூன்று புள்ளிகளைச் சுற்றிச் சுருக்கினார். தேடும் பரப்பு குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறையும், குறும்சிக்னலைத் தவறவிடும் வாய்ப்பும் குறையும். ஒலியோடு அலைவரிசை எண்ணையும் திரையில் காட்டும்படி வைத்தது மிக உதவியான அமைப்பு. எண் தெரியாத டிடெக்டர் வெறும் அலாரம்.

முதல் மாதங்களில் கவனிக்கப்பட்டது

தொடக்கத்தில் கருவி ஓயாமல் கத்தியது. ஏறத்தாழ எல்லாம் கே பேண்ட். பக்கத்து வழித்தடத்தில் போகும் கார்களின் பிளைண்ட் ஸ்பாட் மானிட்டர் (ஓட்டுநர் கண்ணில் படாத பக்கத்தைக் கவனிக்கும் சென்சார்) பெரும்பாலும் அதே 24 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அலை அனுப்புவது முதல் காரணம். எக்ஸிட்களுக்கு (நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் வழிகளுக்கு) அருகே உள்ள கடைக் கதவுகளும், சாலையோரக் கம்பங்களில் போக்குவரத்தை எண்ணும் சென்சார்களும் மீதிக் காரணங்கள். இடம் மாறாத மூலங்களை ஜிபிஎஸ் சில தடவை கடந்தபின் நினைவில் வைத்து ஊமையாக்கிவிட்டது. நகரும் மூலங்களை, அதாவது பிற கார்களை, அப்படிச் செய்ய முடியாது. ஒரே வேகத்தில் பக்கத்திலேயே ஒரு கார் வந்தால் அம்புக்குறி பக்கவாட்டைக் காட்டி, சிக்னல் ஏறாமலும் இறங்காமலும் நிற்கும். இந்த நடத்தையை வைத்து அவர் பொய் எச்சரிக்கையைப் பிரிக்கக் கற்றுக்கொண்டார்.

கேஏ பேண்ட் எச்சரிக்கை அரிது; வந்தால் பெரும்பாலும் உண்மை. விதிவிலக்கு, மலிவான பழைய டிடெக்டர் உள்ள இன்னொரு கார். டிடெக்டரும் ரேடியோ ரிசீவர்தான், அதன் உள்ளே அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டர் என்ற பாகத்திலிருந்து சிறிது அலை வெளியே கசியும். கசிவு கேஏ பேண்டில் விழுந்தால் பக்கத்து டிடெக்டர் போலீஸ் என்று நினைத்துக்கொள்ளும். இதே கசிவைப் பிடித்துத்தான் வர்ஜீனியாப் போலீசிடமுள்ள டிடெக்டர்-கண்டறியும் கருவிகள் எந்தக் காரில் டிடெக்டர் ஓடுகிறது என்று சொல்கின்றன.

கருவி பயன்பட்ட இடமும் தெளிவாக இருந்தது. எதிர்த்திசையில் வந்துகொண்டே ராடாரைத் தொடர்ந்து இயக்கும் ட்ரூப்பர் (மாநிலப் போலீஸ்காரர்) வண்டியை, திறந்த சாலையில் ஒன்றரை, இரண்டு மைல் முன்பே 34.7 என்று காட்டியது. இதில் மாயம் இல்லை. இருட்டில் டார்ச் அடிப்பவனை நாம் வெகு தூரத்திலிருந்தே பார்த்துவிடுவோம். அவனுக்கு நாம் தெரிய, வெளிச்சம் நம் மேல் பட்டு அவனிடம் திரும்பிப் போயாக வேண்டும். ஒரு வழிச் சிக்னல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது, எதிரொலி தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறைகிறது. அந்த வேறுபாடுதான் டிடெக்டருக்குக் கிடைக்கும் முன்கூட்டிய நேரம் முழுவதும். இடையில் மேடோ வளைவோ வந்தால் அது சுருங்கிவிடும். முன்னே போகும் லாரியிலோ பெரிய பெயர்ப்பலகையிலோ பட்டுச் சிதறும் அலை சில வேளை அதை மீட்டுத் தரும்.

சிக்கல் இன்ஸ்டன்ட்-ஆன் முறையில் இருந்தது. ராடார் கன் தயார்நிலையில் இருக்கும், அலை எதுவும் அனுப்பாது. ட்ரூப்பர் ஒரு வண்டியைக் கண்ணால் தேர்ந்து, பொத்தானை அழுத்தி, ஓரிரு நொடியில் வேகத்தைப் படித்து, விட்டுவிடுவார். அந்த ஓரிரு நொடியில் அரை மைல் பின்னால் வருபவரின் டிடெக்டரில் மெலிதான ஒரு 'பீப்' கேட்டு அடங்கும். அதுதான் இக்கருவி தரக்கூடிய மிக மதிப்புள்ள தகவல்: முன்னால் யாரையோ இப்போது அளந்தார்கள், அடுத்து நீங்கள். இவருக்கு அந்தக் குறும்பீப் பல தடவை கேட்டிருக்கிறது. தொடரவில்லை என்பதால் பொய் என்று ஒதுக்கினார். கே பேண்டின் இரைச்சலில் பழகிய காது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிட்டது. பொய் எச்சரிக்கையின் உண்மையான தீங்கு எரிச்சல் அல்ல, இதுதான்.

முன்னால் யாருமே இல்லாமல் இவரே முதல் இலக்காக இருந்தால் அந்த பீப்பும் கிடையாது. எச்சரிக்கையும் அளவீடும் ஒரே கணத்தில் நடக்கும்.

இன்னொரு மாற்றத்தை அவர் உணரவில்லை. காரின் செயலியில் பதிவான பயணக் கணக்கு காட்டியது. க்ரூஸ் கன்ட்ரோல் 74-இலிருந்து 77-க்கும், பிறகு 80, 82-க்கும் ஏறியிருந்தது. எந்த நாளிலும் அப்படி ஒரு முடிவை அவர் எடுக்கவில்லை. கருவி சத்தமில்லாமல் இருந்த ஒவ்வொரு பயணமும் சாலையில் போலீஸ் இல்லை என்பதற்குச் சான்றாக அவர் மனதில் பதிந்தது. டிடெக்டரின் மௌனம் சொல்வது ஒன்றே: இந்தக் கணத்தில் இந்த இடத்தில் ராடார் அலை இல்லை. பின்னால் ஒட்டியபடி வந்து தன் ஸ்பீடோமீட்டரை வைத்து வேகம் கணிக்கும் போலீஸ் கார் எந்த அலையையும் அனுப்புவதில்லை.

முதல் நிகழ்வு: எல்லைக்கு அப்பால்

மாநில எல்லைக்கு முந்தைய கடைசி எக்ஸிட்டில் கருவியைக் கழற்றுவது அவர் வழக்கம். கழற்றிய கருவியை இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பெட்டிக்குள் போட்டுவிட்டு ஓட்டுவார். கண்ணாடியிலிருந்து இறங்கும் சிறு வயர் அப்படியே தொங்கும்.

ஒரு காலையில் வர்ஜீனியாவுக்குள் சில மைல் போனதும் நிறுத்தப்பட்டார். 70 எல்லையில் 81. டிடெக்டர் இல்லாத இடத்திலும் டிடெக்டர் தந்த வேகத்திலேயே கால் பழகியிருந்தது. வயரைக் கண்ட ட்ரூப்பர் கருவி எங்கே என்று கேட்டார். கை எட்டும் பெட்டிக்குள் இருந்தது. வயரும் மின்சாரத்தோடு அருகிலேயே இருந்தது. வேகத்துக்கு ஒரு டிக்கெட், கருவிக்கு இன்னொன்று.

அபராதத் தொகையைவிட அவரை உலுக்கியது 81 என்ற எண்ணுக்கும் அடுத்த கோட்டுக்கும் இருந்த இடைவெளி. வர்ஜீனியாவில் வேக எல்லையைவிட 20 மைல் கூடுதலாகவோ, எல்லை எதுவானாலும் 85-க்கு மேலோ போனால் அது 'ரெக்லஸ் டிரைவிங்' (பொறுப்பற்ற ஓட்டுதல்). 2020 ஜூலைக்கு முன் அந்தக் கோடு 80. பழைய சட்டத்தில் இவர் அப்போதே அதைத் தாண்டியவர். ரெக்லஸ் டிரைவிங் வெறும் சாலை விதிமீறல் அல்ல, முதல் வகுப்புச் சிறுகுற்றம்: 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம். குற்றப் பதிவில் ஏறும். குற்றவியல் வழக்கு உண்டா என்று கேட்கும் வேலை விண்ணப்பத்திலும் குடியேற்ற விண்ணப்பத்திலும் அதற்குப் பதில் எழுத வேண்டிவரும். விசாவில் இருப்பவர் இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலே வர்ஜீனியாவில் கால் தானாக இளகும்.

இதன்பின் அவர் எடுத்த முடிவு பாதி சரி. கருவியை வயரோடு கழற்றி டிக்கிக்கு மாற்றினார், வர்ஜீனியாவில் 74-ஐத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார். வடகரோலினாவில் மட்டும் பழையபடி ஓட்டினார், அங்கே கருவி இருக்கிறதே என்ற கணக்கில்.

இரண்டாம் நிகழ்வு: லேசர்

சில வாரங்கள் கழித்து, வடகரோலினாப் பகுதியிலேயே, மேம்பாலத்தை ஒட்டி நின்ற ஒரு ட்ரூப்பர் லேசர் கன்னால் அளந்தார். 70 எல்லையில் 83. தூரம் 1,100 அடி. டிடெக்டர் முழுச் சத்தத்தோடு 'லேசர்' என்றது. அவர் பிரேக்கை மிதித்தபோது எண் ஏற்கெனவே பூட்டப்பட்டிருந்தது.

என்ன நடந்தது என்பதை எண்களில் பார்க்கலாம். போலீஸ் லேசர் 904 நானோமீட்டர் அகச்சிவப்புக் கற்றை. அதன் விரிவு சுமார் 3 மில்லிரேடியன். 1,100 அடியில் கற்றையின் அகலம் மூன்றேகால் அடிதான், ஒரு காரின் முகத்தைக்கூட முழுதாக மூடாது. ராடார் கற்றையோ பன்னிரண்டு டிகிரி அளவில் விரிந்து, அதே தூரத்தில் இருநூறு அடிக்கு மேல் பரவி நிற்கும். முன்னால் போகும் காரை அளக்கும் லேசர் பின்னால் வரும் உங்கள் கண்ணாடியில் படுவது அபூர்வம். வடகரோலினாவில் முன்பக்க நம்பர் பிளேட் கிடையாது. எனவே ஹெட்லைட்டைக் குறிவைப்பார்கள், அதுவும் நன்றாகத் திருப்பி அனுப்பும் பரப்புதான். வேகத்தைப் படிக்க ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். 83 மைல் வேகத்தில் அந்த நேரத்தில் கார் நாற்பது அடி நகரும்; சத்தம் கேட்டு ஓட்டுநரின் கால் பிரேக்குக்கு வர ஒன்றரை நொடி, அதாவது 180 அடி. போட்டியே இல்லை.

விலை கூடிய டிடெக்டர் இதை மாற்றாது. லேசர் எச்சரிக்கை என்பது, உங்களை அளந்துவிட்டார்கள் என்ற அறிவிப்பு.

வடகரோலினாவில் 80-ஐத் தாண்டினாலே, எல்லை 70 ஆனாலும், அது சிறுகுற்ற வகைக்குப் போய்விடும். இம்முறை அவர் ஆன்லைனில் பணம் கட்டவில்லை. வழக்குரைஞரைப் பார்த்தார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அவர் முன்னால் இருந்த வழிகள் எல்லாம் ஒரே கனம் கொண்டவையல்ல.

போலீஸ் லேசரின் அளவீட்டைக் குழப்பும் லேசர் ஜாமர் ஒன்றை நண்பர் பரிந்துரைத்தார். வர்ஜீனியா உட்படச் சில மாநிலங்களில் அதற்கே தடை. பம்பரில் நிரந்தரமாகப் பதித்த சென்சார்களை எல்லையில் கழற்ற முடியாது. ராடார் ஜாமர் பற்றிப் பேச்சே இல்லை. அது நாடு முழுதும் கூட்டாட்சிக் குற்றம். இரண்டும் தள்ளப்பட்டன.

இன்னும் உயர்ந்த டிடெக்டர் வாங்கலாமா என்பதற்கு விடை மேலேயே இருக்கிறது. இவரை மாட்டிவிட்டவை இரண்டு: கருவி இருக்கக்கூடாத மாநிலம், கருவி பிடிக்க முடியாத முறை. எவ்வளவு கொடுத்தாலும் இரண்டும் தீராது.

ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் தகவல் தரும் வேஸ் போன்ற வழிகாட்டிச் செயலி வர்ஜீனியாவிலும் சட்டப்படி செல்லும், அது ராடார் அலையைப் பிடிக்கும் ரிசீவர் அல்ல. லேசரோடு நிற்கும் போலீசையும் காட்டும், ஏனென்றால் பார்ப்பது மனிதக் கண். குறையும் அதே இடத்தில்தான்: முன்னால் யாராவது பார்த்துப் பதிந்திருக்க வேண்டும். வண்டி குறைந்த அதிகாலையில் தகவல் வராது. போலீஸ் போய் அரை மணி ஆனபின்னும் குறி அங்கேயே நிற்கும். செயலியை வைத்துக்கொண்டார், நம்பி வேகம் கூட்டக்கூடாது என்ற நிபந்தனையோடு.

முடிவைத் தீர்மானித்தது ஒரு கணக்கு. டிடெக்டர் பயன்படக்கூடிய 55 மைலை 74-இல் கடக்க 44.6 நிமிடம். 82-இல் கடக்க 40.2 நிமிடம். வித்தியாசம் நாலரை நிமிடத்துக்கும் குறைவு, அதுவும் வழியில் ஒரு லாரிகூட மறிக்காவிட்டால். எல்லையில் நிறுத்திக் கருவியைக் கழற்றி, வயரைச் சுருட்டி, டிக்கியைத் திறந்து மூடுவதற்கே அதில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. இதைக் காகிதத்தில் பார்த்த பிறகு அவருக்கு வாதிட எதுவும் மிஞ்சவில்லை. க்ரூஸ் கன்ட்ரோல் இரண்டு மாநிலத்திலும் 74-க்குத் திரும்பியது.

தொடர்ந்து நடந்தவை

வழக்குரைஞர் முதலில் பார்த்தது அளவீட்டின் பலவீனங்களை. வடகரோலினாச் சட்டப்படி, அதிகாரி கண்ணால் பார்த்துக் கணித்த வேகத்தை உறுதிப்படுத்தும் சான்றாகவே ராடார், லேசர் எண் ஏற்கப்படும்; கருவி முந்தைய ஓராண்டுக்குள் துல்லியச் சோதனையில் தேறியிருக்க வேண்டும், இயக்கியவர் அதற்கான சான்று பெற்றவராக இருக்க வேண்டும். இவை எல்லாம் முறையாக இருந்தன. பக்கவாட்டிலிருந்து அளந்தால் எண் தவறாதா என்று ஓட்டுநர் கேட்டார். தவறும், ஆனால் நின்றபடி அளக்கையில் அது ஓட்டுநருக்குச் சாதகமான தவறு. கோணம் பத்து டிகிரி என்றால் கருவி உண்மை வேகத்தில் 98.5 விழுக்காட்டைத்தான் காட்டும். அந்த வாதத்தை எடுத்தால் 83 என்பது 84 ஆகும்.

எனவே பேரம்தான் வழி. குற்றச்சாட்டு 70 எல்லையில் 79 என்று குறைக்கப்பட்டது. சிறுகுற்றம் என்ற சொல் பதிவில் ஏறவில்லை. நீதிமன்றச் செலவும் வழக்குரைஞர் கட்டணமும் சேர்ந்து டிடெக்டரின் விலையைத் தாண்டின. வர்ஜீனியாவின் இரண்டு டிக்கெட்டுகளும் அபராதத்தோடு முடிந்தன. கருவி பறிபோகவில்லை. அங்கே சான்றுக்காக எடுத்துவைத்தாலும் வழக்கு முடிந்தபின் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம்.

சில காலம் டிடெக்டரை வடகரோலினாவுக்குள் மட்டும், 74-லேயே ஓட்டிக்கொண்டு வைத்திருந்தார். அப்போது அதன் பயன் வேறு மாதிரி ஆனது. கேஏ குறும்பீப் வந்தால் ஸ்பீடோமீட்டரை ஒருமுறை பார்ப்பார், அவ்வளவே. அந்த வேகத்தில் பார்த்து மாற்ற ஒன்றும் இருக்கவில்லை. பிறகு கருவி வீட்டு அலமாரிக்குப் போயிற்று. வேறு வழியில் போகும்போது மட்டும் எடுக்கிறார்.

அடுத்தவர் மாற்றிச் செய்ய வேண்டியவை

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது கருவியின் தரவரிசையை அல்ல, உங்கள் வழியில் போலீஸ் எப்படி அளக்கிறது என்பதை. உங்கள் பழைய டிக்கெட்டிலேயே அது எழுதியிருக்கும்: ராடாரா, லேசரா, பின்தொடர்ந்து கணித்ததா. உள்ளூர்ப் போக்குவரத்து வழக்குகளைப் பார்க்கும் வழக்குரைஞர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார். இவருடைய முதல் டிக்கெட்டே லேசரில் எழுதப்பட்டது என்பது பின்னால் தாளை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தத் தாளைப் படித்திருந்தால் கருவியை வாங்கியிருக்க மாட்டார்.

டிடெக்டர் பணத்துக்கு ஈடு தருகிற சாலைகள் உண்டு. இருவழிக் கிராமச் சாலையில், ஓடிக்கொண்டே ராடாரைத் தொடர்ந்து இயக்கும் ரோந்து வண்டிகள் உள்ள மாநிலங்களில், நூற்றுக்கணக்கான மைல் தனியாக ஓட்டுபவருக்கு அது உண்மையிலேயே முன்னறிவிப்புத் தருகிறது. ஊருக்கு ஊர் வேக எல்லை திடீரென்று 55-இலிருந்து 35-க்கு இறங்கும் சாலைகளில், பலகையைத் தவறவிட்டவரை அது காப்பாற்றியிருக்கிறது. நகரத்துக்குள், கே பேண்ட் இரைச்சலில், லேசரும் கேமராவும் ஆதிக்கம் செலுத்தும் இடத்தில் அதற்கு வேலை இல்லை. இரண்டு கேமராக்களுக்கு இடைப்பட்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகம் கணிக்கும் முறைக்கும், நேரத்தையும் தூரத்தையும் ஸ்டாப்வாட்ச் போல எண்ணும் வாஸ்கார் முறைக்கும் பிடிக்க அலையே கிடையாது.

ஏற்கெனவே கருவி வைத்திருப்பவருக்கு இந்த நிகழ்விலிருந்து கிடைப்பவை மூன்று. முதலாவது, கேஏ பேண்டில் ஒரு நொடி மட்டும் கேட்டு அடங்கும் மெலிந்த சிக்னல். அதைக் கேட்டதும் வேகத்தைக் குறைத்து, அடுத்த இரண்டு மைலுக்கு ஏற்றாமல் போங்கள். முழுச் சத்தத்தோடு வரும் எச்சரிக்கைக்குப் பதறி பிரேக்கை மிதிப்பதைவிட அது பயன் தரும். பின்னால் ஒட்டி வரும் லாரிக்கும் நல்லது. இரண்டாவது, கருவியை மாட்டுவதற்கு முன் ஒரு மாதமும் பின் ஒரு மாதமும் சராசரி வேகத்தைக் குறித்துவையுங்கள். ஏறியிருந்தால், அபாயத்தைக் குறைக்க வாங்கிய பொருள் அபாயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வர்ஜீனியா. எல்லைக்கு முன் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, கருவி, வயர், கண்ணாடியில் ஒட்டிய பிடி ஆகிய மூன்றையும் கழற்றி, பூட்டிய டிக்கிக்குள் வையுங்கள். டிக்கி இல்லாத, பின்இருக்கையிலிருந்து எட்டிவிடக்கூடிய எஸ்யூவி என்றால் 'எட்டாத இடம்' என்ற நிபந்தனையே கேள்விக்குள்ளாகும். அந்தப் பயணத்துக்குக் கருவியை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.